விளக்கு வைத்த கடை

இப்போதெல்லாம் கண்காட்சிக்குப் போவது எனக்குத் தூரத்துச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் வருவது மாதிரி ஆகிவிட்டது. ஒரு போன் செய்தால் போதும். கடை கட்டுகிறவர்கள் கட்டிவிடுகிறார்கள், மூட்டையைக் கொண்டுபோகிறவர்கள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள், நான் கைப்பையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க வேண்டியதுதான். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெரிய ஹாலுக்குள் நுழைந்து புதுக் கார்ப்பெட்டின் பசை வாசனை மூக்கில் ஏறியதும் எங்கள் முதல் கண்காட்சி நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கே பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. கோபம் அடங்கிய பிறகு, அந்த நாட்கள் இன்னொரு தடவை வராதா என்று ஏக்கமாகவும் இருக்கிறது.

புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் எங்கள் ஊர். சாமை, புளி, பலா, இவைதான் மலைக்குச் சோறு. கீழே தங்கிப் படித்துவிட்டு வந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த உற்பத்தியாளர் குழுவில் கணக்கு, கடிதம், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவுக்குத் தலைவி என் அண்ணி. அண்ணி அதிகம் பேச மாட்டாள். ஒன்றைச் சொல்லிவிட்டால் மலையே பெயர்ந்தாலும் அதிலிருந்து நகர மாட்டாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். காலையில் எடுத்த முடிவை மத்தியானத்துக்குள் இரண்டு தடவை மாற்றியிருப்பேன். எங்கள் வீட்டில் நாத்தனார் சண்டையைக்கூட நீ ஒருத்தியே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று அண்ணன் கேலி செய்வான்.

அந்த வருடம் அண்ணி ஒரு பெரிய காரியம் செய்துவிட்டாள். அறுப்பு முடிந்ததும் கீழேயிருந்து வியாபாரியின் வண்டி மேலே வரும், அவர் சொல்கிற விலைக்குச் சாமையை அளந்துபோடுவோம். அதுதான் வழக்கம். அண்ணி ஊர் ஊராக நடந்துபோய், வாசலில் நின்று, "இந்த வாட்டி அவருக்குப் போடாதீங்க. தை முடியட்டும், பட்டணத்துல கண்காச்சில கட வெக்கிறோம், நான் ஆர்டர் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் பேச்சை நம்பி எல்லா வீட்டிலும் சாமையை நிறுத்திவைத்தார்கள். வியாபாரிக்குச் சிரிப்பு. "கண்காச்சில போட்டோ தாம்மா எடுப்பாங்க, சாமைய எடுக்க மாட்டாங்க. நான் பங்குனில வர்றேன், அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பங்குனியில் அவர் வந்தால் விலை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆர்டர் இல்லாமல் திரும்பினால் அண்ணி இனி எந்த வாசலிலும் போய் நிற்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஏதோ ஒரு திட்டத்தில் எங்களுக்குக் கடை போட இடம் இலவசமாகக் கிடைத்திருந்தது. இலவசம் என்ற சொல்லை நம்பாதே என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இடம் இலவசம், நாற்காலி இலவசமில்லை. மூன்று பக்கம் வெள்ளைப் பலகைச் சுவர் உண்டு, அதில் ஆணி அடிக்கக் கூடாது. விளக்கு உண்டு, ஆனால் பாக்கெட் ஒட்டுகிற மெஷினைச் சொருக பிளக் பாயின்ட் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வண்டி உள்ளே வர ஒரு பாஸ், நாங்கள் உள்ளே வர ஒரு பாஸ், சாமான் வெளியே போக இன்னொரு பாஸ். இதையெல்லாம் சொல்லி மெயிலில் ஒரு புத்தகமே அனுப்பியிருந்தார்கள். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் உட்கார்ந்து அதை முழுக்கப் படித்தேன். மாரியம்மன் பண்டிகைக்குக்கூட இத்தனை கட்டுப்பாடு கிடையாது.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் அண்ணி.

"எதுவும் செய்யக் கூடாதுன்றாங்க."

"அப்ப எதுக்குக் கூப்புட்றாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாள்.

அப்போதுதான் எங்கள் மலைக்கு ஜீப் ஓட்டுகிற டிரைவர் வாணியம்பாடி பாயின் நம்பரைக் கொடுத்தார். தோல் கம்பெனிகளுக்கும் செருப்புக் கம்பெனிகளுக்கும் ஊர் ஊராகப் போய்க் கண்காட்சிக் கடை கட்டித் தருவது பாயின் தொழில். டெல்லியில் கட்டியிருக்கிறேன், துபாயில் கட்டியிருக்கிறேன் என்று போனிலேயே பாதி உலகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டார். அடக்கம் என்பது அவருக்கு ஆகாத பண்டம். "மேடம், மீட்டருக்கு இவ்ளோன்னு கூலி கணக்கு பாத்து மெரளாதீங்க. நான் அதே ஹால்ல நாலஞ்சு கட கட்றேன். ஒங்க கடயையும் ஒரு ஓரமா பாத்துக்கறேன். லாரில எடம் கீது, மூட்டையையும் ஏத்திக்கலாம்" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

அண்ணி அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பத்தூரில் பாயின் லாரி வந்து நின்றபோது, நாங்கள் ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்த சாமை மூட்டைகள் கீழே காத்திருக்க, அண்ணி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு லாரிக்குள் ஏறினாள். ஒவ்வொரு மூலையிலும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். சாமை, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்த சாமையைச் சமைத்தால் சோறு வாயில் வைக்க முடியாது.

பாய் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா, தோலு வேற வண்டில போய்ட்சு. இதுல பலகையும் கார்ப்பெட்டும்தான்."

"தெரிது பாய். இருந்தாலும் பாத்துக்கணும்ல" என்றாள் அண்ணி. கார்ப்பெட் சுருள்கள் இருந்த பக்கத்தை விட்டு, பலகைப் பக்கமாக மூட்டைகளை அடுக்கச் சொன்னாள். அடியில் வைக்கோல், மேலே தார்ப்பாய். தன் லாரியை ஒரு பெண் முகர்ந்து பார்த்த கதையைப் பாய் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு மூலை கூடிக்கொண்டே போகும்.

நாங்கள் இருவரும் ஜோலார்பேட்டையில் ரயிலேறினோம். சென்னையில் அந்த வளாகத்தின் வாசலுக்குப் போனால், சரக்கு இறக்குவதற்கு எங்களுக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது, லாரி வரிசையில் பின்னால் நிற்கிறது. மூட்டையை உள்ளே கொண்டுபோக அவர்களுடைய தள்ளுவண்டியைத்தான் வாடகைக்கு எடுக்க வேண்டுமாம். தள்ளுவண்டிக்கும் வரிசை. நான் பாஸைக் காட்டி, மெயிலைக் காட்டி, இங்கிலீஷில் சண்டை போட்டு, தமிழில் சண்டை போட்டுத் திரும்பிப் பார்த்தால் அண்ணியைக் காணோம். சும்மாடு சுற்றி, ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே நடந்துகொண்டிருந்தாள். செக்யூரிட்டி பின்னாலேயே ஓடினார். கோட்டுப் போட்ட இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். வியாபாரி சொன்னது அந்த நிமிடமே பலித்ததில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அம்மா, தலையில தூக்கினு போகக் கூடாதும்மா, ரூல்ஸ்" என்றார் செக்யூரிட்டி.

"வேற எதுல தூக்கறது?" என்று அண்ணி நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அதற்குள் பாய் எங்கிருந்தோ ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கடை தயாரானது. ஆணி அடிக்க முடியாத சுவரில் பாய் கொக்கி போட்டுச் சங்கிலி தொங்கவிட்டார், அதில் எங்கள் பெயர்ப் பலகை. பிளக் பாயின்ட்டை அவர் கட்டிய பக்கத்துக் கடையிலிருந்து இழுத்துக் கொடுத்தார். காலி அட்டைப்பெட்டிகளை எங்கே வைப்பது என்று அந்தப் பெரிய புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. கடைக்குப் பின்னால் போட்டால் தீயணைப்புக்காரர்கள் எடுத்துவிடுவார்கள், முன்னால் போட்டால் அசிங்கம். பாய் எல்லாவற்றையும் மடித்து, மேசைக்கு அடியில் செருகி, மேலே துணி கட்டிவிட்டார். கண்காட்சியில் பாதி வேலை எதை எங்கே ஒளிப்பது என்பதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

எல்லாம் முடிந்து அண்ணி மஞ்சப் பையிலிருந்து அகல் விளக்கை எடுத்தபோது பாய் பதறிப்போனார். "அக்கா, நெருப்பு கூடாது. ஊதுவத்தி கூடாது, சூடம் கூடாது. ஹால்ல தண்ணி பீச்சி அடிச்சுடும்."

"வெளக்கு இல்லாம எப்டி பாய் கட வெக்கிறது?"

அண்ணி முகம் வாடிவிட்டது. இத்தனை நாளில் அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் அகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாய் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பேட்டரி விளக்கு. பிளாஸ்டிக் அகல், அதன் நடுவில் மஞ்சள் பல்பு, நிஜச் சுடர் மாதிரியே கொஞ்சம் நடுங்கியது. எங்கே வாங்கினாரோ. "இத வெச்சிக்கோங்க. வெளக்கு வெளக்குதான்" என்றார். அண்ணி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், விழுந்து கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் நானும் கும்பிட்டேன்.

முதல் நாள் முழுக்கப் போட்டோதான். சாமையைக் கையில் அள்ளிப் போட்டோ, அண்ணி தோளில் கைபோட்டுப் போட்டோ. "இது தினையா? குதிரைவாலியா? சுகருக்கு நல்லதாமே?" என்று கேட்டார்கள், பைநிறைய இலவச நோட்டீஸ்களை வாங்கிக்கொண்டு போனார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அண்ணியோ வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "சாப்ட்டீங்களா?" கோட்டுப் போட்டவர், கேமரா பிடித்தவர், தரை கூட்டுகிறவர், எல்லாரிடமும் அதேதான். எங்கள் ஊரில் வாசலுக்கு வந்தவரைக் கேட்கிற கேள்வி அது. ஹாலில் அது காதில் விழுந்தவர்கள் ஏதோ விளம்பரம் என்று நினைத்து நகர்ந்து போனார்கள். "அண்ணி, மானம் போவுது, சும்மா இரு" என்று பல்லைக் கடித்தேன்.

பாய் மட்டும் நகரவில்லை. கண்காட்சி நடக்கும் நாட்களில் விளக்கு எரியவில்லை, பலகை விழுந்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் ஓடுவதற்காக, ஹாலின் கோடியில் ஒரு மேசை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் கடைப் பக்கம் வந்தவரிடம் அண்ணி, "சாப்ட்டீங்களா பாய்?" என்றாள்.

"எங்கக்கா. காத்தாலேர்ந்து ஒயரு இழுத்துனே கீறேன்."

தங்கியிருந்த இடத்தில் அண்ணி ஸ்டவ் வைத்துச் சமைத்து, தூக்கில் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். மேசைக்குப் பின்னால், மடித்த அட்டைப்பெட்டிமேல் உட்காரவைத்துப் போட்டாள். பாய் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து, "எங்கம்மாக்கு சுகரு. அரிசி கூடாதுன்றாங்க, சப்பாத்தி புடிக்கலைன்றாங்க. இது சாப்டுவாங்க" என்றார். அண்ணி உடனே ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். காசு நீட்டியவரை முறைத்தாள். அவர் அதைக் கொண்டுபோய்த் தன் மேசைக்கடியில், பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த அம்மா வந்தார். கைத்தறிச் சேலை, கண்ணாடி, தோளில் கனமான பை. பெங்களூரில் நிறையக் கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குச் சரக்கு வாங்கித் தருபவர். அவர் போட்டோ எடுக்கவில்லை. சாமையைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்தார், ஒரு மணியை முன்பல்லில் கடித்தார். உமி எப்படி எடுக்கிறீர்கள், கல் எப்படிப் பொறுக்குகிறீர்கள், மேலே எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். கேட்கக் கேட்க, இரண்டு நாளாக நாங்கள் காத்துக்கொண்டிருந்த ஆள் இவர்தான் என்று தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்கு. பாக்கெட் ஒண்ணு குடுங்க, லேபுக்குக் குடுத்துப் பாக்கணும். நாளைக்குக் காலைல ஊருக்குப் போறேன். வேற ஊர் சாமையும் எடுத்து வச்சிருக்கேன், எல்லாத்தையும் ஒண்ணாத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க" என்றார்.

நான் பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளக்கு வெச்சாச்சுங்க. காத்தால வாங்க, எவ்ளோ வேணா குடுக்கறேன்."

அந்த ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. பகலா சாயங்காலமா என்று உள்ளே யாருக்கும் தெரியாது. மணி என்ன என்று அண்ணி கேட்க, ஆறு ஆகிறது என்று நான்தான் சொன்னேன், அவள் அந்தப் பேட்டரி விளக்கின் சுவிட்சைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள், அந்த அம்மா வந்து நின்றார். எங்கள் மலையில் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து தானியம் தவசம் வெளியே போகாது. உப்பு போகாது, தயிர் போகாது. பக்கத்து வீட்டுக் குழந்தை பசி என்று வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுவார்களே தவிர, ஒரு பிடித் தவசத்தைக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். எனக்குத் தெரியாததா? ஆனால் அதை இங்கே, சென்னையில், ஏசி ஹாலில் வைத்துச் செய்வாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அண்ணியைச் சுவர்ப் பக்கமாக இழுத்தேன். "அண்ணி, இது வூடு இல்ல. கட."

"வந்ததுலேர்ந்து இங்க தான் குந்தினு கீறோம். இங்க தான் துன்றோம். வெளக்கு வெச்ச எடம் வூடுதான்."

"அது பேட்டரி வெளக்கு."

"நீயுந்தான கும்புட்ட."

"மல மொத்தமும் உன் பேச்ச நம்பி சாமைய வூட்ல வெச்சினு கீது. நெனப்பு கீதா இல்லியா?"

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "அதனாலதான் சொல்றேன் பாப்பா. என் சாமையா இருந்தா பாவம் என்னோடன்னு குடுத்துடுவேன். இது ஊரு சாமை. அவங்க யாரு வூட்லயும் இந்நேரத்துக்கு வெளிய வுட மாட்டாங்க. என்ன நம்பிக் குடுத்தனுப்பி கீறாங்க, நான் எப்டி வுடறது?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி என்பார்களே, அந்தத் தாழியை என் கண் முன்னாலேயே அண்ணி கீழே போட்டுவிட்டாள். அந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி அவரிடம் போய், "சாப்ட்டீங்களா? சோறு கீது, சாப்ட்டு போங்க" என்றாள்.

"இல்லைங்க, நேரமாச்சு" என்று அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்புதான், அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அண்ணி முன்னால் அழக் கூடாது என்று ஹாலின் கோடிக்குப் போனேன், அங்கே பாய் மேசைமுன் நின்று அழுதேன். அழுகையும் திட்டுமாக நான் கொட்டியதையெல்லாம் அவர் கேட்டார்.

"அரே, இதுக்கா அழுவுறீங்க மேடம்? என் பையில ஒண்ணு கீதே" என்று குனிந்து பொட்டலத்தை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். "அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம். குடுத்தது அவங்க."

எனக்கு உயிர் போகிற அவசரம். அவர் கேட்காமல் வர மாட்டேன் என்றார். பொட்டலத்தை மேசைமேலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு எங்கள் கடைக்குப் போய், விஷயத்தைச் சொன்னார். அண்ணி யோசித்தாள். யோசிக்கிறாளே, யோசிக்கிறாளே என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அது மத்தியானமே ஒங்க வூட்டுக்குப் போய்ட்சு பாய்" என்றாள் கடைசியில். "ஒங்க வூட்டு சாமை. ஒங்க இஷ்டம். ஆனா ஒங்கம்மாக்கு?"

"அம்மாக்கு நீங்க காத்தால குடுப்பீங்க" என்றார் பாய். சொல்லிவிட்டு ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்கு ஓடி, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கடைகளுக்கு நடுவில், மசாலாக் கம்பெனியின் பொம்மையைத் தள்ளிவிட்டு ஓடியது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பின்னாலேயே நானும். வெளிவாசலில் கார் வரக் காத்திருந்த அந்த அம்மாவிடம் மூச்சிரைக்கப் பொட்டலத்தை நீட்டினார். "இது எங்கூட்டு சாமைங்க. ஆனா அவங்க மலைது. நம்பரு அதுலயே கீது." அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அண்ணி செய்த முதல் வேலை, பாயின் அம்மாவுக்கு ஒரு பொட்டலம் கட்டியதுதான்.

ஊருக்குத் திரும்பியபோது எங்கள் கையில் ஆர்டர் இல்லை. மீந்த சாமையும் மடித்த அட்டைப்பெட்டிகளும்தான் இருந்தன. "இன்னா ஆச்சு?" என்று கேட்டவர்களிடம் அண்ணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கேட்டார்கள், விளக்கு வைத்துவிட்டேன், நான் கொடுக்கவில்லை, பாய் கொடுத்தார் என்று. திட்டுவார்கள் என்று நான் பயந்தேன். ஒருவரும் திட்டவில்லை. "வெளக்கு வெச்சப்புறம் எப்டிக் குடுக்கறது?" என்று அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்டார்கள். ஆனால் மாசி போனது, போன் வரவில்லை. அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. பங்குனி பிறந்து வியாபாரியின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு மேலே வந்தபோது, அவள் வாசலுக்கு வராமல் உள்ளேயே இருந்தாள். சில வீட்டில் சாமையை அளந்துவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்கள்.

அந்தக் கொஞ்ச நாளில் பெங்களூரிலிருந்து போன் வந்துவிட்டது, சாமையை எடுத்துக்கொள்கிறோம் என்று. பாறைமேல் நின்று பேசிவிட்டு நான் வீட்டுக்கு எப்படி ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சொன்னதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கம்பெனியின் பெரிய லாரி கொண்டை ஊசி வளைவுகளில் ஏற முடியாமல் திருப்பத்தூரிலேயே நின்றுவிட, ஜீப் ஜீப்பாக மூட்டைகளை இறக்கினோம். கடைசி மூட்டைகள் ஏற்றும் நேரத்தில் பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணி அவற்றைத் திரும்ப உள்ளே எடுத்துவைக்கச் சொன்னாள். காலையில் வா என்றதும் ஜீப் டிரைவர் என்னவெல்லாம் பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்த கண்காட்சியிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. விளக்கு வைப்பதற்கு முன்னால் சில பொட்டலங்களைப் பாயின் மேசைக்குக் கொடுத்துவிடுவோம். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவர் எடுத்துக் கொடுப்பார், கூடவே லாரியை முகர்ந்த கதையையும் சொல்வார். துபாய்க்காரருக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். எத்தனை வருடம் அப்படி நடந்தது. அந்த மேசையும், அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்ட சாப்பாடும், எதற்கெடுத்தாலும் அவர் 'அரே' என்றதும். அதெல்லாம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போது தெரியவில்லை.

இப்போது பாய் ஹால் வேலைக்கு வருவதில்லை, வாணியம்பாடியில் உட்கார்ந்து போனிலேயே எல்லாவற்றையும் நடத்துகிறார். அண்ணிக்கு முழங்கால் வலி, மலையை விட்டு இறங்குவதில்லை. இந்த வருடம் நான் தனியாகத்தான் போனேன். பக்கத்துக் கடையில் பேக்கிங் மெஷின் விற்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். சாயங்காலம் பொட்டலங்களை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய், "இத கொஞ்சம் ஒங்க கடைல வெச்சுக்கறீங்களா? யாராவது கேட்டா குடுங்க" என்றேன். அவர் விழித்தார். விளக்கிச் சொல்ல ஆரம்பித்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "எங்க வூட்ல வெளக்கு வெக்கிற நேரம்ங்க" என்று மட்டும் சொன்னேன். என்ன புரிந்ததோ, வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் திரும்பி வந்து அந்தப் பழைய பேட்டரி விளக்கின் சுவிட்சைப் போட்டுக் கும்பிட்டேன். பல்பை எத்தனையோ தடவை மாற்றியாகிவிட்டது. போன் அடித்தது. அண்ணிதான், ஒவ்வொரு கண்காட்சியிலும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள்.

"வெளக்கு வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்."

"பொட்டலம்?"

"பக்கத்துக் கடைல குடுத்துட்டேன். கோயம்புத்தூர்க்காரரு, நல்ல மனுஷன்தான்."

அண்ணி கேட்டாள். "அவரு சாப்ட்டாராமா?"

நான் அவரைக் கேட்டிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு, மேசைக்கடியிலிருந்து தூக்கை எடுத்து மேலே வைத்தேன், அவரைச் சாப்பிடக் கூப்பிடப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.